பலகைக்கு அந்தப் பக்கம்

டொலறஸ் வேட்டைக்குப் போவாள், றூபன் வீட்டிலிருந்து பயப்படுவான். பத்து வருசமாக அந்த வீட்டில் வேலை அப்படித்தான் பிரிபட்டிருந்தது.

பயப்படுவதில் றூபனுக்கு நல்ல பழக்கம். லண்டனில், செவன் கிங்ஸில் இருக்கிற வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டால், காஸ் அடுப்பைப் பார்க்க இரண்டு தரம் திரும்பி வருவான். ரயில் நிலையத்தில் ரிக்கெற் கதவடியில் நிற்கிற வேலை அவனுக்கு. பிளாட்போமில் ஒரு பை தனியே கிடந்தால் முதலில் வியர்ப்பது அவனுக்குத்தான். டொலறஸ் வேறு வார்ப்பு. கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் இருக்கிறாள். மேசையில் அடித்துக் கத்துகிற ஆட்களிடம், "முதல் கதிரையிலை இருங்கோ, பிறகு கத்துங்கோ" என்று சொல்லக்கூடியவள்.

வில் அவளுக்குத் தற்செயலாக வந்தது. இல்ஃபோர்டில் ஒரு மண்டபத்தில் நடந்த வில்வித்தை வகுப்புக்கு இரண்டு பேருமாகத்தான் சேர்ந்தார்கள். இரண்டாம் கிழமை நாண் பட்டு முழங்கை கன்றிப்போனதோடு றூபன் நின்றுவிட்டான். அவள் நிற்கவில்லை. மூன்றாம் வருசம், கழகத்தில் சிலபேர் இலையுதிர் காலத்தில் ஹங்கேரிக்கு வேட்டைக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளும் போனாள். இங்கிலாந்தில் வில்லால் மிருகத்தை வேட்டையாடினால் குற்றம். அங்கே முறையாக லைசன்ஸ் எடுத்தால் விடுவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் போனாள். மான், காட்டுப்பன்றி என்று படங்கள் அனுப்புவாள். றூபன் படத்தில் மிருகத்தைப் பார்ப்பதில்லை. அவளுக்குக் கை கால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான்.

போன வருசம் ஜூலையில் அவளுடைய வலது மார்பில் கட்டி ஒன்று பிடிபட்டது. பிறகு ஒப்பரேசன், கீமோ, ரேடியேசன். தலைமயிர் போனது, கால்விரல்கள் விறைத்துப்போயின. வீட்டில் எதைத் தாளித்தாலும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி ஓடினாள். கக்கத்திலிருந்த நிணக் கணுக்களையும் எடுத்திருந்தார்கள். நாணை இழுக்கிற கை அது. அலுமாரித் தட்டில் இருந்த கோப்பையை எட்டி எடுக்கவே அவளுக்கு ஏலவில்லை. அந்த வருசம் வில் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. படுக்கை விரிக்கிறபோது றூபன் அதைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவான்.

இந்த வருசம் மார்ச் மாதம் அவளே குனிந்து அதை வெளியே எடுத்தாள். பிசியோதெரபிஸ்ட் தந்த றப்பர் நாடாவை ஆறு கிழமை இழுத்தாள். பிறகு கழகத்தில் பிள்ளைகள் பழகுகிற பதினைந்து இறாத்தல் இழுவை உள்ள வில். பிறகு இருபத்தைந்து. ஓகஸ்ட் முடிய நாற்பத்தைந்துக்கு வந்துவிட்டாள். அதற்குக் குறைந்த வில்லோடு வந்தால் தன்னுடைய காட்டுக்குள் விடமாட்டேன் என்று ஹங்கேரியிலிருக்கிற லாஸ்லோ எப்பவோ சொல்லியிருந்தான். லாஸ்லோ முந்திக் காட்டிலாகாவில் வேலை செய்தவன். அவளை ஒவ்வொரு வருசமும் காட்டுக்குக் கூட்டிப்போகிறவன் அவன்தான்.

செப்டம்பரில் ஐந்து நாள் போய் வெறுங்கையோடு வந்தாள். "இருபது அடியிலை பெரிய மான் ஒண்டு நிண்டது. இழுத்தன். பிடிச்சு வைச்சிருக்க ஏலாமப் போச்சு, கை நடுங்கிப்போட்டுது. விடாம இறக்கிப்போட்டன்," என்றாள். நல்லதாய்ப் போயிற்று, இனி விட்டுவிடுவாள் என்று றூபன் நினைத்தான். அவள் அடுத்த நாளே நவம்பருக்கு ரிக்கெற் போட்டாள்.

ஒக்டோபர் கடைசியில் ஒருநாள் காலை, தழும்புக்குக் கீழே கடலை அளவில் ஏதோ கல்லுப்போலத் தட்டுப்படுகிறது என்று அவனிடம் சொன்னாள். பல் தீட்டிக்கொண்டு சொன்னாள். றூபன் குளித்தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டான். ஸ்கான் எடுத்தார்கள், ஊசியால் சதைத் துண்டு எடுத்தார்கள். முடிவு சொல்லக் குறித்த நாள் நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. விமானம் அதற்கு முதல் வியாழக்கிழமை.

"நீர் உந்தக் கையோடை போகப் போறீரோ?" என்று அவன் கேட்டான்.

"டொக்டரைக் கேட்டனான். நோகாட்டிப் போகலாமாம்."

"போகலாம் எண்டால் போறதோ? வீட்டிலை இருக்கலாம்தானே."

"வீட்டிலை இருந்து கலண்டரைப் பாத்துக்கொண்டிருந்தால் செவ்வாய்க்கிழமை கெதியா வருமோ?"

அவள் இல்லாத வீட்டில் அந்த நாலு நாளை நினைத்துப் பார்த்தான். "அப்ப நானும் வாறன்," என்றான். டொலறஸ் சிரிக்கவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தடிச்ச சப்பாத்து வேண்டோணும்," என்று மட்டும் சொன்னாள்.

காட்டைப் பற்றி றூபன் கற்பனை செய்து வைத்திருந்தது எதுவும் சரியில்லை. காடு அவன் நினைத்ததைவிட அமைதியாக இருந்தது, அதனாலேயே கூடப் பயமாக இருந்தது. மறைவிடம் என்பது ஒரு பலகைக் கொட்டில். வீட்டுக் குளியலறையில் பாதி இருக்கும். முன்பக்கம் மூன்று சிறிய திறப்புகள். பின்பக்கம் வெளியே திறக்கிற தாழ்ந்த கதவு, அதற்கு ஒரு மரக்கொளுக்கி. உள்ளே இரண்டு முக்காலி.

லாஸ்லோ நல்ல உயரமான மனிதன். தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் றூபனுக்கு மூன்றே விசயம் சொன்னான். இருமக்கூடாது. அம்பு விட்டபிறகு எனக்குச் செய்தி அனுப்ப வேண்டும். நான் துவக்கோடு வரும்வரை கதவைத் திறக்கக்கூடாது, அரை மணித்தியாலம் ஆனாலும். "காயப்பட்ட பன்றி ஓடினால் நல்லது," என்றான். "ஓடாவிட்டால் நல்லதில்லை." தன்னுடைய ஜீப்போடு அவன் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்பான். நடந்து வர இருபத்தைந்து நிமிசம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்றும் வரவில்லை. பின்னேரமும் வரவில்லை. றூபன் ஐந்து மணித்தியாலம் இருமலை விழுங்கிக்கொண்டு, அவளுடைய வலது தோளைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவள் இடைக்கிடை அந்தக் கையை மெல்லச் சுழற்றினாள். சுழற்றுகிற ஒவ்வொரு தடவையும், நோகிறதோ, ஏன் நோகிறது, அந்தக் கடலை இப்போது எவ்வளவு பெரிசு என்று அவனுடைய மனம் ஓடியது.

சனிக்கிழமை காலை பனிப்புகார். விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சத்தில் முதலில் தாய்ப்பன்றி ஒன்று குட்டிகளோடு வந்தது. சப்புகிற சத்தம், சின்னச் சின்ன உறுமல். டொலறஸ் அசையவில்லை. அவை கால் மணித்தியாலம் நிலத்தைக் கிளறிவிட்டு ஏதோ மணந்ததுபோல ஒரேயடியாகத் தலையைத் தூக்கின. அடுத்த நிமிசம் ஒன்றையும் காணவில்லை.

பிறகு அது வந்தது. றூபன் முதலில் அதை ஒரு மரக்குற்றி என்று நினைத்தான். மரக்குற்றி நடந்தது. முன்தோள் அவனுடைய இடுப்பு உயரம். கீழ்த்தாடையிலிருந்து வெள்ளையாக வளைந்து இரண்டு கொம்புப் பல். பதினாறு அடி தூரத்தில் அது பக்கவாட்டில் திரும்பி நின்றபோது, அதன் முதுகிலிருந்து ஆவி எழும்புவது தெரிந்தது.

டொலறஸ் இழுத்தாள். றூபன் பன்றியைப் பார்க்கவில்லை, அவளுடைய கையைப் பார்த்தான். போன வருசம் சட்டைக்குள் அந்தக் கையை நுழைத்துவிட்டவன் அவன்தான். அது எந்த இடத்தில் நிற்கும், எந்த இடத்தில் நொந்து அவள் உதட்டைக் கடிப்பாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அந்த இடத்தைத் தாண்டிக் கை பின்னால் போனது. கன்னத்தோடு வந்து நின்றது. மனசுக்குள் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கை நடுங்கவில்லை. பன்றி ஒரு அடி முன்னால் வைத்தது. ஐந்து, ஆறு.

நாண் போட்ட சத்தம் பெரிசாக இருக்கவில்லை. ஈரமான மூட்டையில் தடியால் அடித்ததுபோல ஒரு சத்தம் அதற்குப் பிறகு கேட்டது. பன்றி ஒரு துள்ளல் துள்ளி இடதுபக்கம் முட்பற்றைக்குள் பாய்ந்தது. மரம் முறிகிற ஓசை தூரப்போய்த் தேய்ந்து நின்றது.

"பட்டுது," என்றாள் டொலறஸ். காற்றுமாதிரித்தான் குரல் வந்தது. வில்லைச் சுவரோடு சாத்திவிட்டு முக்காலியில் இருந்தாள். றூபன் விரல் வழுக்க வழுக்க லாஸ்லோவுக்குச் செய்தி அனுப்பினான். போய்ச் சேர்ந்தது. 'வருகிறேன். இருங்கள்' என்று பதில் வந்தது.

இரண்டு நிமிசம் போயிருக்கும். பின்பக்கமாகச் சருகு நொறுங்கியது.

றூபன் அவளைப் பார்த்தான். அவள் ஒரு விரலை வாயில் வைத்தாள். சத்தம் நின்றது, பிறகும் வந்தது. பாரமான காலடி, இழுத்து இழுத்து வைத்தது. முட்பற்றைக்குள் போனது வளைந்து சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. மூச்சுச் சத்தம் கேட்டது. பானைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் கொழகொழத்த மூச்சு. வரவரக் கிட்ட வந்து கதவுக்கு வெளியே நின்றது. பலகை இடுக்கால் மயிர் நனைந்த நாற்றமும் இரும்பு நாற்றமும் உள்ளே வந்தன.

அந்தச் சின்ன இடத்தில் வில்லைத் திருப்ப ஏலாது. றூபனுடைய பொக்கற்றில் அப்பிள் வெட்டுகிற கத்தி ஒன்று இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே முக்காலியிலிருந்து நழுவி நிலத்தில் இருந்து, இரண்டு பாதங்களையும் கதவில் ஊன்றி, முதுகை அவளுடைய முழங்காலோடு சாய்த்துக்கொண்டான்.

கதவில் மோதியது. கொட்டில் முழுவதும் ஆடியது, கூரையிலிருந்து தூசி கொட்டியது. கதவுப் பலகை உள்பக்கம் வளைந்தது, உடையவில்லை. பாரம் ஒன்று பலகையோடு சரிந்து கீழே இறங்குவதை அவன் இரண்டு உள்ளங்காலாலும் உணர்ந்தான். கொதிக்கிற மூச்சு இன்னும் மூன்று தரம் வந்தது. பிறகு வரவில்லை.

"செத்திட்டுதோ?" என்று வாயசைத்தான்.

"தெரியாது." அவள் அவனுடைய காதோடு சொன்னாள். "சிலது மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். ஆள் அசைஞ்சால் எழும்பும்."

கதவு வெளியேதான் திறக்கும். அது கதவோடு கிடக்கிறது. லாஸ்லோ வர இன்னும் இருபது நிமிசம். றூபன் பாதங்களை எடுக்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு சூடு சப்பாத்துக்குள் வருவதுபோல் இருந்தது. அது உண்மையோ தன்னுடைய பயமோ என்று அவனுக்குத் தெரியவில்லை.

"உமக்குப் பயமில்லையோ?" என்று கிசுகிசுத்தான்.

டொலறஸ் அவனுடைய கையைப் பிடித்துத் தன்னுடைய கழுத்தில் வைத்தாள். நாடி அடித்த அடியில் விரல் துள்ளியது. "எப்பவும் இப்பிடித்தான். ஒவ்வொரு தரமும்."

"அப்ப ஏன் வாறனீர்?"

"இந்தப் பயம் அரை மணித்தியாலத்திலை முடிஞ்சிடும்," என்றாள். "ஒண்டில் செத்திருக்கும், இல்லாட்டி எழும்பி வரும். மற்றது அப்பிடியில்லை. அதோடை எத்தினை மாசமா நான் படுத்து எழும்புறன்."

அவள் இன்னும் குனிந்தாள்.

"ஒண்டு சொல்லோணும் உங்களுக்கு. இஞ்சை வைச்சுச் சொன்னால்தான் சொல்லுவன். அந்தக் கடலையை நான் ஒக்டோபரிலை கண்டுபிடிக்கேல்லை. ஓகஸ்டிலையே கண்டனான்."

றூபன் கழுத்தைத் திருப்பினான்.

"செப்டம்பருக்குப் போகோணும் எண்டு இருந்தது. பெரிசாகாது எண்டு நினைச்சன். பிறகு, சொல்லுவம் சொல்லுவம் எண்டு..."

"ஓகஸ்டோ?"

"மெல்லமாக் கதையுங்கோ."

"ரெண்டு மாசம்! ரெண்டு மாசம் ஒரு கதை சொல்லாமல் இருந்தனீரோ? பக்கத்திலை படுத்துக்கொண்டு! நான் என்ன சுவரோ உமக்கு?" அவனுடைய குரல் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. இந்த ஐம்பத்திரண்டு வயதுவரை அவன் அவளைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. ஒருத்தரையும் பார்த்துக் கத்தியதில்லை. "ரெண்டு மாசத்திலை என்னவும் நடக்கும் எண்டு உமக்குத் தெரியாதோ? என்னைப் பேயன் எண்டு நினைச்சீரோ?"

"உங்கடை முகத்தைப் பாக்க என்னாலை ஏலாது!" அவளும் கத்தினாள். "நான் ஒருக்கா இருமினால் உங்கடை முகம் போற போக்கு! எனக்கு என்ரை பயத்தைச் சுமக்கிறதே பெரும்பாடு. உங்கடையையும் சேத்து நான் எப்பிடிச் சுமக்கிறது?"

காடு முழுவதும் அது எதிரொலித்தது. ஏதோ பறவை ஒன்று படபடவென்று எழும்பிப் போனது. றூபன் வாயைத் திறந்தபடி இருந்தான். கோபத்தில் கால்களைக் கதவிலிருந்து எப்போது எடுத்தான் என்று தெரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தார்கள்.

ஒரு அசைவும் இல்லை.

"செத்திட்டுது," என்றாள் டொலறஸ். "இந்தச் சத்தத்துக்கு எழும்பாதது இனி எழும்பாது."

றூபனுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது, அழுகையாக வந்தது. அவள் அவனுடைய தொப்பியைக் கழற்றி, தலையைத் தன்னுடைய மடியில் வைத்துக்கொண்டாள். "இனிமேல் ஒளிக்காதையும்," என்றான் அவன். "நான் பயப்படுவன். அதை மாத்த ஏலாது. ஆனால் ஒளிக்காதையும்." அவள் ம்ம் என்றாள்.

லாஸ்லோ வந்து தூரத்திலேயே நின்று கூப்பிட்டான். பிறகு துவக்கை நீட்டிக்கொண்டு மெல்ல வந்தான். நீளமான ஒரு தடியால் கண்ணைத் தொட்டுப் பார்க்கிறான் என்று டொலறஸ் பலகை இடுக்கால் பார்த்து மெதுவாகச் சொன்னாள். கண் சிமிட்டவில்லை. அம்பு இரண்டு நுரையீரலையும் துளைத்திருந்தது. கதவிலிருந்து அதை இழுத்தெடுக்க அவனுக்கு ஐந்து நிமிசம் பிடித்தது. வெளியே வந்து றூபன் பார்த்தபோது, அது அவ்வளவு பெரிசாக இருந்ததே அவனுக்கு ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு நேரமும் அதற்கும் அவளுக்கும் நடுவில் ஒரு விரல் தடிப்புப் பலகை மட்டும்தான்.

லாஸ்லோ ஓக் மரத்தில் ஒரு சின்னக் கிளையை ஒடித்துப் பன்றியின் வாயில் வைத்தான். இன்னொன்றை இரத்தத்தில் தொட்டுத் தொப்பியின் மேல் வைத்து இரண்டு கையாலும் டொலறஸிடம் நீட்டினான். அது அங்கே வழக்கம். அவள் அதை எடுத்துத் தன்னுடைய தொப்பியில் செருகிக்கொண்டு, பன்றிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டாள். நூற்றுப் பதினெட்டுக் கிலோ. அந்தக் காட்டில் ஆறு வருசத்துக்குள் வில்லில் விழுந்த ஆகப் பெரிசு அது என்று லாஸ்லோ சொன்னான். மத்தியானம் அவனுடைய மனைவி ஈரலை வெங்காயத்தோடு வதக்கித் தந்தாள். போன வருசம் முழுவதும் கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பின டொலறஸ் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். றூபனும் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடைசித் தடவையாகக் கொட்டிலுக்குப் போனார்கள். அவள் கேட்டதால் றூபன் இந்த முறையும் கூட இருந்தான். இளம் மான் ஒன்று வந்தது. அதையும் அவள் வீழ்த்தினாள். முப்பது அடிகூட ஓடவில்லை. லாஸ்லோ அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான். இதற்கு முதல் எந்தச் சீசனிலும் இரண்டு மிருகம் அவளுக்குக் கிடைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இரண்டு மணிக்குக் குறித்திருந்தார்கள். கூப்பிட மூன்றேகால் ஆயிற்று. அந்த ஒன்றேகால் மணித்தியாலம் கொட்டிலைவிட மோசம். சுவரில் ஒரு தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடியது. அவளுக்குத் தன்னுடைய முகம் தெரியாமல் இருக்க வேண்டும் என்று றூபன் பழைய சஞ்சிகை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். "தலைகீழாப் பிடிச்சிருக்கிறியள்," என்றாள் டொலறஸ்.

டொக்டர் இளம்பெண். கதவைச் சாத்த முதலே சொல்லிவிட்டாள். புற்று இல்லை. ஒப்பரேசனும் ரேடியேசனும் பட்ட இடத்தில் கொழுப்புச் சதை செத்துக் கட்டியாகியிருக்கிறது. அது அப்படியே கிடக்கும், ஒன்றும் செய்யாது. ஆறு மாசத்தில் திரும்பப் பார்ப்போம். றூபன் அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். சொன்னாள். மூன்றாம் தரமும் கேட்டான். அவள் பொறுமையாக ஒரு தாளில் எழுதியே கொடுத்தாள்.

வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்த நீள வாங்கில் டொலறஸ் இருந்தாள். பையை மடியில் வைத்தாள். பிறகு அழத் தொடங்கினாள். தலைமயிர் கொட்டினபோது அழாதவள், வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதாள். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் தள்ளி நின்று இடம் விட்டார். இல்ஃபோர்ட் பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ. இடது தோளிலை ஒரு நோ இருக்கு. ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து. வில்லுப் பிடிச்சதாலை எண்டுதான் நினைக்கிறன்."

றூபனுடைய முகம் எப்படிப் போயிருக்கும் என்று அவனுக்கே தெரியும். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், முகத்தைத் திருப்பவில்லை.

"எந்த இடத்திலை?" என்று கேட்டான். "காட்டும்."